பொட்டலும் மண்டபமும்: ஊவாவில் நாம் ஆடிய இடங்கள்

நமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் எழுதியிருந்தார். "பதுளையின் கலை அரங்குகள்" என்று தலைப்பையும் அவரே தந்திருந்தார். ஒரு தாளை எடுத்து, நான் நாடகமோ நடனமோ பார்த்த இடங்களை வரிசையாக எழுதத் தொடங்கினேன். பாடசாலை மண்டபம் என்று முதலில் எழுதினேன். அதற்குப் பிறகு எழுதியவை எவற்றிற்கும் கூரை இல்லை. கோயில் முன்றில், பெரட்டுக்களம், காமன் பொட்டல், லயத்து வாசல், திருவிழாக் காலத்துப் பதுளை வீதி. தாள் நிரம்பிவிட்டது; செயலாளர் கேட்ட மாதிரியான அரங்கு மட்டும் அதில் ஒன்றுதான் இருந்தது.

ஆகவே தலைப்பைச் சற்று மாற்றிக்கொண்டேன். மண்டபங்களின் வரலாற்றை எழுத வந்தால் அது பெரும்பாலும் கொழும்பின் வரலாறாகவே இருக்கும். நாம் ஆடிய இடங்களின் வரலாற்றை எழுதினால் அது நம்முடையதாக இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு பாதை உண்டு. அந்தப் பாதையில் நமது பாடசாலை நிற்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கொழும்பின் மண்டபங்கள்

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நமது சங்கமும் ரயிலும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் என்று விடுதி அம்மா வேடிக்கையாகச் சொல்வார். கொழும்பு கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம். மாலையில் பதுளையில் ஏறினால் விடியும்போது கோட்டையில் இறங்கலாம். நம்மில் பலர் முதன்முதலாக ஒரு 'தியேட்டர்' மேடையைப் பார்த்தது அப்படி ஓர் இரவுப் பயணத்தின் மறுநாளில்தான்.

கொழும்பில் அப்போதே அரங்குகளுக்கு நீண்ட வரலாறு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறி வந்து ஆடின. திரைச்சீலை, சோடனை, ஆர்மோனியம், இந்துஸ்தானி மெட்டு என்பவற்றை அவர்கள் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து எழுந்ததுதான் சிங்கள நூர்த்தி நாடகம். அந்த நூர்த்திக்கென்றே மருதானையில் டவர் மண்டபம் கட்டப்பட்டு 1911 டிசெம்பரில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய இசை நாடகங்களும் இதே காலத்தில் கடல் தாண்டி வந்தன. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் தோட்டத்துக் கிழவர்களுக்கு மனப்பாடமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

1934இல் கவி தாகூர் தமது சாந்திநிகேதன் குழுவுடன் இலங்கைக்கு வந்தார். அவருடைய நாட்டிய நாடகம் கொழும்பு ரீகல் அரங்கில் மேடையேறியது. நல்ல குடும்பத்துப் பெண்கள் பலர் பார்க்க மேடையில் ஆடலாமா என்று ஊரெல்லாம் வாதம் நடந்த காலம் அது. அந்த வாதத்துக்கு வங்காளத்துப் பெண்கள் ஆடியே பதில் சொன்னார்கள். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் படித்த இளைஞர் சி.வி. வேலுப்பிள்ளை அந்த வருகையின்போது தாகூரைச் சந்தித்து, தாம் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற நாடகத்தை அவர் கையில் கொடுத்தார். லயத்திலிருந்து ஒரு நாடகம் மகாகவியின் கைக்குப் போனது. பின்னாளில் அதே சி.வி. தோட்டங்களில் திரிந்து நமது நாட்டார் பாடல்களைச் சேகரித்தார். அவர் சேகரித்திராவிட்டால் நம் பாட்டிமார் பாடியவற்றில் பாதி இன்று இருந்திராது.

அதற்குப் பின் வந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். புகைப்படக் கலைஞரும் பியானோ வாசிப்பவருமான லயனல் வென்ட் 1944இல் காலமான பிறகு அவர் பெயரால் எழுந்த அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. இருக்கைகள் அறுநூற்றுச் சொச்சம். பேராசிரியர் சரச்சந்திராவின் 'மனமே' 1956 நவம்பர் 3ஆம் திகதி முதலில் மேடையேறியது அங்கேதான். கிராமத்து நாடகமவைப் படித்த மேடைக்குக் கொண்டுவந்த முயற்சி அது. தமிழில் அதே வேலையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்தார். மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் செப்பனிட்டு 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்கி, மின்விளக்கின் கீழ் வந்து நின்றது.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கென்று கொழும்பில் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் ஆகியவை இருந்தன, இருக்கின்றன. நம் மாணவியர் பலருடைய பிள்ளைகளின் அரங்கேற்றங்கள் இவற்றில்தான் நடந்தன. 2011 டிசெம்பரில் தாமரைத் தடாகம் திறக்கப்பட்டபோது 1288 இருக்கைகளோடு நாட்டுக்கு ஒரு பெரிய நவீன அரங்கு கிடைத்தது. நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அழகான கட்டடம். மெத்தை நாற்காலியில் அமர்ந்திருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஈரச் சாக்கில் உட்கார்ந்து பார்த்த காமன் கூத்து.

பெரட்டுக்களமும் காமன் பொட்டலும்

பசறைப் பாதையில் ஒரு தோட்டம் எங்கள் ஊர். நமுனுகுல மலை கிழக்கே நிற்கும். பதுளை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை, லுணுகலை, மடுல்சீமை என்று எந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் வந்திருந்தாலும் பின்வரும் இடங்கள் உங்கள் தோட்டத்திலும் இருந்திருக்கும்.

முதலாவது பெரட்டுக்களம். விடியுமுன் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடம். அக்காலத்தில் சங்கு ஊதவில்லை, மணி அடிக்கவில்லை. தப்பு அடித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள். குளிரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்த பெண்களுக்குத் தப்பு என்றாலே வேலையின் குரல். அதே தப்பு மாசி மாதத்தில் வேறொரு தாளத்தில் ஒலித்தது. அதே பெண்கள் அதே சத்தத்துக்குப் பாயையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு ஓடினார்கள்.

இரண்டாவது காமன் பொட்டல். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டபின் அங்கே கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து அந்த இடம் சாதாரண நிலம் இல்லை. செருப்போடு யாரும் போகமாட்டார்கள். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்தவர்கள் கொண்டுவந்த கூத்து இது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிவதும், ரதி புலம்புவதும், பிறகு அவன் உயிர்பெறுவதும்தான் கதை. புராணம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மன்மதன் புறப்படும் இரவில், போகாதே என்று ரதி தடுக்கும்போது, இந்த முறையாவது அவன் நின்றுவிடுவானோ என்று என் அம்மா எதிர்பார்ப்பது போலவே இருக்கும்.

மேடை என்று ஒன்று கிடையாது. வட்டமாக ஆட்கள் நிற்பார்கள், வட்டத்துக்குள் ஆட்டம். ரதியும் மன்மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாக வருவார்கள். ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்பும் அன்று ஒரு கணம் அரங்கு. கடைசி இரவில் வீரபத்திரன் வரும்போது பிள்ளைகள் அலறிக்கொண்டு தாய்மாரின் சேலைக்குள் ஒளிவார்கள். பொன்னர் சங்கரும், அர்ச்சுனன் தபசும் இதேபோல் நிலத்தில் ஆடியவைதான். தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் படிப்படியாகப் பாடி ஏறும்போது பார்ப்பவர்களின் கழுத்தும் மேலே மேலே போகும். எந்த மண்டபத்துக் கூரையின் கீழ் அந்த மரத்தை நடுவது?

இவற்றில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? வட்டத்தில்தான், பார்ப்பவர்களாக. ரதியாக ஆடியது ஆண். காளியாக ஆடியதும் ஆண், குறத்தியும் ஆண். விரதம் இருந்த வீட்டில் சமைத்ததும், வேடக்காரருக்குச் சேலையும் நகையும் இரவல் கொடுத்ததும், ரதியின் புலம்பலுக்கு அழுததும் பெண்கள். என் பெரியப்பா எங்கள் தோட்டத்தில் பல வருடங்கள் ரதியாக ஆடினார். அவர் கட்டியது என் பெரியம்மாவின் கூறைச் சேலை. அந்தச் சேலையில் பெரியம்மாவை ஒருநாளும் ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

யாருடைய மண்?

பொட்டல் நம்முடையது என்று நினைத்து வளர்ந்தோம். உறுதி எழுதிப் பார்த்தால் அது கம்பனியின் மண். லயமும் கம்பனியுடையது. கோயில் நிற்கும் இடமும் அப்படித்தான். கூத்து நடத்துவதற்குப் பெரிய கங்காணி துரையிடம் உத்தரவு கேட்க வேண்டும். வெளியாள் ஒருவர் தோட்டத்துக்குள் வந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம்.

அந்தக் காலத்தில்தான் கோ. நடேசய்யர் வந்தார். தஞ்சாவூர்க்காரர். 1920இல் இலங்கையில் குடியேறிப் பத்திரிகை நடத்தி, பிறகு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர். தோட்டங்களுக்குள் நுழைவதற்கு அவர் புடவை வியாபாரிபோல் வேடமிட்டுப் போனார் என்று சொல்வார்கள். வேடம் போட்டு வருபவரை நம்மவர்களுக்குப் பழக்கம்தானே! நாடகத்தின் வலிமை அவருக்கும் தெரியும். 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்று ஒரு நாடகமே எழுதினார்.

ஆனால் இந்த மலரில் நான் நினைவுகூர விரும்புவது அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையை. கூட்டம் தொடங்குமுன் அவர் பாடுவார். தாமே கட்டிய பாடல்கள். தோட்டத்து வாழ்வின் துன்பங்களை, மக்கள் வாயில் ஏற்கனவே இருந்த மெட்டுகளில் அமைத்துப் பாடினார். பாட்டைக் கேட்க ஆட்கள் கூடினார்கள். கூடியவர்கள் பேச்சையும் கேட்டார்கள். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. மலைநாட்டில் திறந்த வெளியில், பலர் முன்னால், தன் சொந்தச் சொற்களைப் பாடிய பெண் என்று நமக்குத் தெரிந்த முதற்பெயர் அவருடையது. கதாநாயகியாக வேடம் பூண்டு அவர் ஆடவில்லை. சந்தியில் நின்று, தெருவை அரங்காக்கினார். பிற்காலத்தில் மலையகத்தில் அந்தனி ஜீவா வீதி நாடகங்களை ஆடியபோது அது நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அந்த வழி முன்பே போடப்பட்டிருந்தது.

பாடசாலை மண்டபம்

பெண்பிள்ளைகள் படியேறி நின்று ஆடுவதற்கு ஊவாவில் கிடைத்த முதல் இடம் பாடசாலை மண்டபம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள்: நமக்கு வேறு எங்கே இடம் இருந்தது? தோட்டப் பாடசாலையில் ஒரே அறையில் ஐந்து வகுப்புகள். அதற்கு மேல் படிக்கப் பதுளைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். வந்தவர்களுக்கு ஒரு மேடை இருந்தது. பலகை போட்ட மேடை, நடந்தால் அதிரும். நீல நிறத் திரை. இழுத்தால் பாதியில் நிற்கும். வாணி விழா, ஒளி விழா, பரிசளிப்பு விழா என்று வருடத்தில் மூன்று முறையாவது அந்தத் திரை விலகும்.

சென்னையில் ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய பின் பரதநாட்டியம் குடும்பப் பெண்களுக்குரிய கல்வியாக மாறியது. அங்கே பயின்று திரும்பியவர்களிடம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கற்றவர்கள் நமக்கு ஆசிரியர்களாக வந்தார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பதுளைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு லயத்துச் சுவரில் மாட்டிய தகப்பன்மாரை எனக்குத் தெரியும்.

1969ஆம் ஆண்டு வாணி விழாவுக்கு எங்கள் நடன ஆசிரியை ரதி மன்மதன் கதையை நாட்டிய நாடகமாகப் போடத் தீர்மானித்தார். ரதி நான். ஒத்திகையில் புலம்பல் பகுதி சரிவரவில்லை. "எங்கட பெரியப்பா தோட்டத்தில ரதியா ஆடுறவர், டீச்சர்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தோழியர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரை அழைத்துவரும்படி சொன்னார்.

பெரியப்பா பசறை பஸ்ஸில் வந்தார். வெள்ளை வேட்டி, கோட், கையில் குடை. நாற்காலி போட்டும் உட்காராமல் மேடைப் படியில் உட்கார்ந்தார். முதலில் வெட்கப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு புலம்பலைப் பாடத் தொடங்கினார். மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றை வைத்துவிட்டு நின்றார். ஆசிரியை ஒரு கொப்பியில் வேகமாக எழுதினார். அது எந்த இராகம் என்று பெரியப்பாவிடம் கேட்டார். "அது தெரியாதுங்க. எங்க அப்பாரு பாடினது" என்றார்.

பிறகு என்னை ஆடச் சொல்லிப் பார்த்தார். நான் இரு கைகளாலும் முகத்தைப் பொத்தி அழுது காட்டினேன். "அழுவாத புள்ள. அழுகிறதப் பாக்குறவங்க பாத்துக்குவாங்க. நீ அவரு பேரச் சொல்லிக் கூப்புடு" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்தது. அதன் பிறகு எத்தனையோ ஆசிரியர்களிடம் கற்றேன். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்தேன். அதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

தப்பும் வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். மேடையில் தப்பு வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்லிவிட்டார்கள். யார் அடிக்கும் வாத்தியம், ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் விளங்கும். மேடையில் மிருதங்கம் வைத்தோம். ஆனால் விழா அன்று, மன்மதன் எரியும் காட்சியில், யன்னலுக்கு வெளியே தப்பு ஒலித்தது. ஆசிரியையும் பெரியப்பாவும் பேசிவைத்த ஏற்பாடு. தப்புத் தோலைக் காய்ச்சுவதற்கு நெருப்பு வேண்டும். வெளியே மைதானத்து மூலையில் சருகு கூட்டி எரித்திருந்தார்கள். அந்த நெருப்பின் வெளிச்சம் யன்னல் வழியாக மேடையில் விழுந்தது. சோடனை நன்றாக இருந்தது என்று பிரதம விருந்தினர் பாராட்டினார்.

பெரியப்பா மண்டபத்தின் கடைசியில் சுவரோடு நின்று பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "ஒங்க பெரியம்மாவையும் கூட்டியாந்திருக்கலாம்" என்றார்.

கடதாசி வந்த ஆண்டுகள்

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். விடுபட்ட 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அப்பா இலங்கைக்கு எழுதினார். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதினார்.

1972இல் அவர்களுக்குக் கடதாசி வந்தது. பதுளை ஸ்டேசனில் அந்த இரவு நடந்தது உங்களில் பலருக்கும் தெரிந்த காட்சி. தகரப் பெட்டிகள், கட்டிப்பிடித்து அழும் பெண்கள், ரயில் நகரும்போது கையை விடாமல் கூடவே ஓடுபவர்கள். இங்கிருந்து ரயில், தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரத்தில் மறுபடி ரயில். பெரியப்பா நீலகிரிக்குப் போனார், அங்கும் தேயிலைதான்.

அந்த ஆண்டுகளில் தொழிலாளரை மட்டும் நாம் இழந்ததாக எண்ணிவருகிறோம். ஒரு கூத்துக் குழுவை எண்ணிப் பாருங்கள். பாட்டு முழுவதையும் அறிந்த வாத்தியார் ஒருவர், ரதி, மன்மதன், வீரபத்திரன், தப்புக்காரர் நால்வர். இவர்களில் மூவர் போய்விட்டால் கூத்து நின்றுவிடும். ஏட்டில் எழுதாத பாட்டு, ஆளோடு போய்விடும். எங்கள் தோட்டத்தில் மன்மதன் இருந்தார், ரதி இல்லை. அடுத்த தோட்டத்தில் ரதி இருந்தார், வாத்தியார் இல்லை. சில வருடங்கள் இரண்டு தோட்டங்களும் சேர்ந்து ஆடினார்கள். பிறகு கம்பம் மட்டும் நட்டுப் பூசை செய்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

என் ஆசிரியை எழுதிய கொப்பி என்னிடம் இருக்கிறது. நாட்டிய நாடகத்துக்கு வேண்டிய நாற்பது நிமிடங்களுக்கான பாட்டு மட்டும் அதில் உண்டு. விடிய விடிய ஆடிய கூத்தில் மிச்சப் பகுதி எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அன்று சனிக்கிழமை பின்னேரம் இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்து முழுவதையும் எழுதியிருக்கலாம். பஸ் போய்விடும் என்று பெரியப்பாவை அனுப்பிவைத்தோம். அவர் போக இன்னும் மூன்று வருடங்கள் இருந்தன. அந்த மூன்று வருடத்தில் ஒருநாளாவது நான் கொப்பியும் பேனாவுமாக அவர் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

இடங்களும் போயின. எங்கள் காமன் பொட்டலில் இப்போது வாகனங்கள் நிறுத்துகிறார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது, மனிதர்களோடு ஓர் ஊரின் வாசல்களும் மண்ணுக்குள் போயின. ஒரு மண்டபம் இடிந்தால் அதற்குத் திறப்பு விழாப் படமாவது இருக்கும். பொட்டலுக்குக் கல்வெட்டு கிடையாது. நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கும்வரைதான் அது இருக்கும்.

முழுவதும் துயரக் கதையாக முடிக்க நான் விரும்பவில்லை. பல தோட்டங்களில் மாசி மாதம் இன்றும் கம்பம் ஊன்றுகிறார்கள். நம் பிள்ளைகள் மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணம் இராமநாதன் நுண்கலைப் பீடத்திலும் பட்டம் பெற்று ஆசிரியைகளாக வருகிறார்கள். தமிழ்த்தினப் போட்டியில் வலயம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டம் வரை போய் வருகிறார்கள். 2023இல் மலையகம் இருநூறு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் இளம் பெண்கள் பலர் இருந்தார்கள். சென்ற வருடம் நமது பாடசாலை மேடையில் ஆறு பெண்பிள்ளைகள் தப்பு அடித்தார்கள். யன்னலுக்கு வெளியே நின்று அல்ல, மேடையின் நடுவில் நின்று. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு 1969ஆம் ஆண்டு தேவைப்பட்ட கைக்குட்டை அன்றுதான் தேவைப்பட்டது.

நூற்றாண்டு மண்டபத்துக்கு ஒரு விண்ணப்பம்

இப்போது நூற்றாண்டு மண்டப நிதி சேர்கிறது. கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நம் சகோதரிகள் அனுப்புகிறார்கள். மண்டபம் வேண்டும். மழையில் நனையாமல் நம் பேத்திகள் ஆட வேண்டும். வரைபடத்தை நானும் பார்த்தேன். பழைய மைதானத்தின் முன்பகுதி முழுவதற்கும் கல் பதித்து வாகனத் தரிப்பிடம் என்று போட்டிருக்கிறது.

அதில் ஒரு சிறு மாற்றத்தை வேண்டுகிறேன். மண்டபத்தின் முன்னால் நாற்பது அடி வட்டமாவது வெறும் மண்ணாக இருக்கட்டும். கம்பம் நடுவதற்கு மண் வேண்டும். தப்புக் காய்ச்சச் சருகு எரிக்க வேண்டும். சுற்றி நின்று பார்க்க இடம் வேண்டும். இவை மூன்றும் உள்ளே நடக்காது. மாசி மாதம் ஓர் இரவு, கூத்துத் தெரிந்த தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குழுவை அழைப்போம். விடியும்வரை ஆடட்டும். பாடசாலைக் கதவு ஓர் இரவு மூடாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று நீங்கள் எங்கிருந்தாலும் செய்யக்கூடியது. உங்கள் தோட்டத்தில் கூத்து ஆடிய இடம் எது, அங்கே இப்போது என்ன இருக்கிறது, ரதியாக ஆடியவர் யார், அவர் கட்டிய சேலை யாருடையது என்று ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அம்மா உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். பாட்டின் இரண்டு அடி நினைவில் இருந்தாலும் போதும். மற்றவளுக்கு அடுத்த இரண்டு அடி தெரிந்திருக்கும். நீலகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் உறவினரையும் கேளுங்கள். இங்கிருந்து போன பாட்டு அங்கே யாரோ ஒருவரின் வாயில் இன்னும் இருக்கக்கூடும்.

என் கொப்பியைச் சங்கத்தின் அலுவலக அலுமாரியில் வைக்கத் தந்துவிட்டேன். பெரியப்பாவின் பாட்டு எழுதிய பக்கங்கள் பதினொன்று. பின்னால் வெற்றுப் பக்கங்கள் நிறைய உண்டு. அடுத்ததை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.